இடுப்பில் பிரித்த தையல்

அன்புள்ள சிட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. கிழிப்பதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

நலம் என்று எழுதுவதுதான் முறை. சாப்பிடுகிறேன், தையல் கடையைத் திறக்கிறேன், மெஷினுக்குப் புது பெல்ட் மாட்டியிருக்கிறேன். உன் அண்ணன் வாரம் தவறாமல் வந்து திட்டிவிட்டுப் போகிறான். அம்மா போய் ஒன்றரை மாதமாகியும் காலையில் இரண்டு டம்ளர் டீ போட்டுவிடுகிறேன். இரண்டாவது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறேன்.

அடக்கத்தன்று நீ ஆலயத்தில் கடைசி பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். முன் பெஞ்சில் நான் கழுத்தைத் திருப்பவில்லை. திரும்பினால் எழுந்து உன்னிடம் வந்துவிடுவேன், சபை பார்க்கும் என்று பயந்தேன். அம்மாவின் பெட்டியை எதிரில் வைத்துக்கொண்டும் எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

போன வாரம் அம்மாவின் துணிமணிகளை எடுத்து அடுக்கினேன். அடியில் அவளுடைய கல்யாண கவுன் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் நீ கேட்டாயே, அதேதான். வயிற்றில் பிள்ளையோடு கல்யாணத்துக்குப் போகிறவள் போட்டுக்கொள்ளும் உடுப்பா அது என்று கேட்டேன். அம்மா அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

கவுனை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். இடுப்பில் இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, உள்ளே மடித்து விட்டிருந்த துணியை இழுத்து, அகலமாக்கித் தைத்திருக்கிறது. வெள்ளை நூல் தீர்ந்து போய்க் கொஞ்ச தூரம் மஞ்சள் நூல். அது என் தையல். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், கடைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே பிரித்துத் தைத்தேன். உன் அண்ணன் அப்போது அம்மா வயிற்றில் மூன்று மாதம். கல்யாணமான ஆறாவது மாதத்தில் பிறந்தவனைக் குறைமாதக் குழந்தை என்று சொன்னோம். கன்னம் இரண்டும் பன் மாதிரி இருந்தன. பார்க்க வந்தவர்கள் பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையை ஆட்டினார்கள்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அப்போதிருந்த போதகருக்கு எல்லாம் தெரியும். தவறு செய்தவர்கள், திருவிருந்து கிடையாது என்று எங்கள் பெயரை அவர் சபையில் வாசிக்கவில்லை. "போங்க, நல்லபடியா வாழுங்க"ன்னு தோளில் தட்டி அனுப்பினார். அந்த இரக்கத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட நான், சபை மூப்பர் ஆன பிறகு உன் பெயரை அப்படி வாசிக்கச் சொன்னேன்.

பெயர் வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு அப்பத் தட்டை எடுத்து வந்ததும் நான்தான். நீ கையை நீட்டினாய். உன் கைக்கு மேலாகத் தட்டைத் தூக்கி அம்மாவிடம் நீட்டினேன். அவள் எடுக்கவில்லை. அன்று மட்டுமல்ல, சாகும்வரை எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தட்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். உன்மேல் உள்ள பாசத்தில் என்னோடு வீம்பு பிடிக்கிறாள் என்று நினைத்தேன். மகளுக்கு இல்லாதது, அதே நிலையில் கல்யாணம் செய்துகொண்ட தனக்கும் இல்லை என்று அவள் மனதால் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நாலு வருஷம் தட்டைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போயிருக்கிறேன், சிட்டு. எனக்குப் புரியவில்லை.

இப்போதுள்ள போதகரிடம் போய்ச் சொன்னேன். உன் பெயரை வாசித்த மாதிரியே என் பெயரையும் வாசிக்கச் சொன்னேன். "இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எதுக்குங்கய்யா அதையெல்லாம் கிளறணும்"ன்னு டீ கொடுத்து அனுப்பிவிட்டார். பார், எனக்கு இரண்டாவது முறையும் மன்னிப்பு எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது! உனக்கு ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை.

சபையில் சொல்லுமுன் உன் அண்ணனிடம் சொன்னேன். "எனக்கு விரல் விட்டு எண்ணத் தெரியாதாப்பா? தங்கச்சிகிட்ட சொல்லுங்க"ன்னு சொன்னான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு முன்னால் நானே எழுந்து நின்று சொன்னேன். யாரோ இருமினார்கள். தட்டை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, நீ உட்கார்ந்த கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லாருடைய முதுகும்தான் தெரிகிறது. உனக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளையிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவர் முகத்தைப் பார்த்து ஒரு நாளும் பேசியதில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கவுனை வெட்டிக் குழந்தைக்கு ஒரு கவுன் தைக்க ஆசை. ஊரில் உள்ள பிள்ளைகளை எல்லாம் கண்ணால் பார்த்தே அளவு சொல்லிவிடுவேன். அடக்கத்தன்று கல்லறை வாசலில் ஓரக்கண்ணால் இவளைப் பார்த்தேன், கண் நிறைந்துவிட்டதால் அளவு பிடிபடவில்லை. தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு நூலை வைத்துப் பார்த்து, அந்த நூலைக் கவரில் போட்டு அனுப்பு. இல்லையென்றால் அவளையே கூட்டிக்கொண்டு வா. இரண்டும் முடியாதென்றால் பரவாயில்லை, எனக்குக் கேட்க உரிமை இல்லை. துணியை வெட்டாமல் வைத்திருப்பேன்.

கடிதத்தின் முடிவில் பெரியவர்கள் ஆசீர்வாதம் எழுதுவார்கள். எனக்குக் கை வரவில்லை. நீ என்னை ஆசீர்வதியம்மா.

உன் அப்பா