சிவப்பு எண்ணுக்கு ஒரு டப்பா அல்வா

திருவல்லிக்கேணி
24 ஏப்ரல் 2020

தமிழ்நாட்டின் முகமும் கையுமாக விளங்கும் என் மருமகள் அதீபாவுக்கு, மாமு ஷரீஃப் கப்பல் கப்பலாக சலாம் அனுப்புகிறேன். இறக்க இடமில்லாவிட்டால் திருவான்மியூர் கடற்கரையில் நிறுத்திவை.

என் செல்போன் தண்ணீர் வாளியில் விழுந்து வஃபாத்தானதும், ரிப்பேர் கடைகளெல்லாம் ஊரடங்கில் பூட்டிக் கிடப்பதும் நீ அறிந்ததே. அதனால் பக்கத்து மேன்ஷன்வாசியும் உங்கள் கேமராமேனுமான செந்தில்குமார் கையில் இந்தத் திருமுகத்தைக் கொடுத்தனுப்புகிறேன். முகலாயப் பேரரசர்களுக்குக்கூட மோட்டார் சைக்கிளில் போகிற தூதன் வாய்த்ததில்லை.

தினமும் மாலை அரசாங்கத்தின் செய்தியாளர் சந்திப்பு டிவியில் வருகிறது. அதிகாரி நோய் நிலவரத்தை வாசிக்கிறார். மூலையில் ஒரு பெட்டிக்குள் நின்று நீ அதைச் சைகையில் சொல்கிறாய். சொல்கிறாய் என்று நம்புகிறோம். ஏனென்றால் இங்கே ஓடும் சேனல்காரன் உன் தலைமேல் ஒரு வரைபடத்தைத் தூக்கிக் கவிழ்த்துவிடுகிறான். அதில் யானை சைஸில் ஒரு சிவப்பு எண். இதுவரை உன் இடது முழங்கை மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்தது. அதற்கே உன் அம்மி டிவியைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கவலைப்படாதே. பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டிராத, எண்ணைத் தவிர எழுத்தே அறியாத, உன் அம்மியான என் அக்காவுக்கு, இவ்வீட்டின் தலைமை மொழிபெயர்ப்பாளராக நானே பதவியேற்றுவிட்டேன். ஐ.நா. சபை கேள்விப்பட்டால் என்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்விடும்.

இன்னொரு செய்தி. ஏதோ வெளிநாட்டில் நாடாளுமன்றமே வீடியோவில் நடக்கிறது. சுவர் முழுக்க உறுப்பினர்களின் தலை. ஒருவர் பின்னால் பூனை உலாத்துகிறது. இன்னொருவருக்கு உதடு அசைகிறது, சத்தம் இல்லை. சபாநாயகர் மியூட்டை எடுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார். நமக்கென்ன குறைச்சல்? மாடியில் குடியிருக்கும் கிரீஷ் தன் லேப்டாப்பைத் தர இசைந்துவிட்டான். மே மூன்றாம் தேதி ஞாயிறு நம் குடும்ப நாடாளுமன்றம் கூடும். உன் அம்மி இப்போதே புடவையை இஸ்திரி போட்டுவிட்டாள். சபாநாயகர் யார் என்று நீ கேட்கமாட்டாய்.

தென்னகத்தின் ஒரே சபாநாயகன்,
மாமு ஷரீஃப்

*

திருவான்மியூர்
30 ஏப்ரல் 2020

அன்புள்ள மாமுவுக்கு,

அலைக்கும் ஸலாம். கப்பல்கள் வந்து சேர்ந்தன. நான் நலம். தினமும் வெளியே போய் வருகிறவள் என்பதால் வீட்டுக்கு வராமல் இருக்கிறேன். சைகையில் பாதி முகமும் உதடும்தான். அதனால் அந்த அரங்கில் நான் மட்டும் மாஸ்க் போடாமல் நிற்கிறேன். அம்மிக்கு இது தெரிய வேண்டாம்.

நேற்று செந்தில்குமார் ஒரு டப்பா அல்வா கொண்டுவந்தார். நோன்பு திறக்க அம்மி அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"உங்கம்மா மாஸ்க்கு கூட இல்லாம தெருமுனை வரைக்கும் வந்து குடுத்தாங்க மேடம். டிவில வந்த நம்பர அப்டியே விரல்ல போட்டுக் காட்டி சிரிச்சிக்கினே இருந்தாங்க. எதிர் வூட்டுக்கெல்லாம் அல்வா போச்சு. இன்னா விசேஷம்னு பாய கேட்டேன், அவரு மேல பாத்துக்கினு இருந்தாரு."

முந்தாநாள்தான் சென்னையில் இதுவரை இல்லாத அளவுக்கு ஒரே நாளில் நோய் உறுதியானது. அந்த எண்ணைக் காட்டும்போது என் விரல் ஒரு நொடி நின்றுவிட்டது. அதற்கு அம்மி ஏன் அல்வா கிண்டினாள்? நீங்கள் அவளிடம் என்னதான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்?

என்னை மறைப்பது அந்த ஒரு சேனல்தானாம். மற்ற எல்லாவற்றிலும் நான் முழுதாகத் தெரிகிறேன் என்கிறார் செந்தில்குமார். ரிமோட்டில் ஒரு பட்டன்தானே மாமு?

அல்வா நன்றாக இருந்தது. அம்மியிடம் சொல்லுங்கள். அதையாவது சொன்னபடி சொல்லுங்கள்.

அதீபா

*

திருவல்லிக்கேணி
4 மே 2020

மாண்புமிகு உறுப்பினர் அதீபாவுக்கு,

நேற்றைய கூட்டத்தொடரின் அவைக் குறிப்பு இத்துடன். பாதியில் நீ இணைப்பைத் துண்டித்ததால் மீதியை எழுதுவது என் கடமை.

அவை கூடியது. உறுப்பினர் ஜமீலுன்னிசா பேகம், அதாவது உன் அம்மி, உன் முகத்தைக் கண்டதும் திரையை முத்தமிட்டார். கிரீஷ் துணியோடு ஓடிவந்தான். உடனே நீ, பூஜ்ஜிய நேரம்கூட இல்லாமல், அல்வா எதற்கு என்று கேட்டாய். அவளும், சிவப்பு எண் என்றால் குணமாகி வீடு திரும்பியவர்கள்தானே, இவ்வளவு பேர் திரும்பினால் கொண்டாட வேண்டாமா என்றாள். இல்லை என்று சொல்ல நீ கையைத் தூக்கினாய்.

சபாநாயகராகிய நான் மியூட்டை அமுக்கினேன். கீபோர்டு மேஜைக்குள் இறங்கும்படி அமுக்கினேன். உன் மைக் படத்தின்மேல் சிவப்புக் கோடும் விழுந்தது. நீ பேசிக்கொண்டே இருந்தாய். அறுபது வருஷம் அக்காவோடு கையால் சண்டை போட்டு வளர்ந்தவன், கையை மியூட்டில் போடப் பார்த்திருக்கிறேன்! "பாய், அவங்களுக்கு ஆடியோவே தேவையில்ல பாய்" என்று கிரீஷ் சொன்னபோது, உலகத்தின் ஏழு கடல்களும் வற்றி, அதன் தரையில் நான் மட்டும் நிற்பதுபோல் இருந்தது.

நீ போன பிறகு உன் அம்மி என் சட்டைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்தாள். சேனலை மாற்றினாள். செய்தியில் நீ வந்தாய், முழுசாக, மாஸ்க் இல்லாமல். பார்த்து முடித்து என் பக்கம் திரும்பினாள். நான் விளக்கம் சொல்லக் கையை எடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குமேல் அவளிடம் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்பது உனக்குத் தெரியும்.

அரசுத் தரப்பு வாதத்தையும் பதிவு செய். முதல் வாரம் நான் உள்ளபடிதான் சொன்னேன். அவள் வாசற்படியை விட்டு எழவில்லை, சாப்பிடவில்லை. அதீபா ஏன் அங்கே போகிறாள், நீ ஏன் தடுக்கவில்லை என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அந்தச் சிவப்பைக் காட்டி, இவர்களெல்லாம் குணமானவர்கள் என்று சொல்லிவிட்டேன். அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். மறுநாள் எப்படி மாற்றிச் சொல்வது? உன் பெட்டி தெரிந்தால் என் பொய் ஒரு மாலைகூடத் தாங்காது. அதனால் அந்த ஒரே சேனல்.

மாஸ்க் விஷயத்தை மறைக்கச் சொன்ன எதிர்க்கட்சி, இதில் அதிகம் கூச்சல் போடலாகாது.

மாமு

*

திருவான்மியூர்
6 மே 2020

மாமுவுக்கு,

இதைப் படமெடுத்து கிரீஷுக்கு அனுப்புகிறேன். அவர் உங்களிடம் காட்டுவார். செந்தில்குமாருக்கு நோய் உறுதியாகிவிட்டது. அவரோடு அலுவலகக் காரில் போனவர்கள் எல்லோருக்கும் நாளை பரிசோதனை. எனக்கும். இதை அம்மியிடம் முதலில் சொல்லிவிட்டேன். அல்வா கொடுக்க அவர் அருகில் போய் நின்றவள் அவள். இரண்டு வாரம் வெளியே வரக்கூடாது என்றும் சொன்னேன். சரி என்றாள்.

மாஸ்க் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அதையும் நானே சொன்னேன். அழுதாள். பிறகு அதிகாரி எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று கேட்டாள். இன்னும் தள்ளி நிற்கச் சொன்னாள்.

அதிகாரி சொல்லாத ஒன்றைச் சேர்க்க எனக்கு உரிமையில்லை. சொன்னதைக் குறைக்கவும் உரிமையில்லை. சொல்ல முடியாத எண்ணெல்லாம் வந்தபோது, அம்மி எதிரில் உட்கார்ந்து பார்க்கிறாள் என்று நினைத்துத்தான் கையைத் தூக்கினேன். நீங்கள் அவளை என் எதிரிலிருந்து எழுப்பிக் கொண்டுபோய்விட்டீர்கள்.

இனி தினமும் மாலை அம்மியும் நானும் லேப்டாப்பில் பேசுவோம். கிரீஷ் வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்போது நீங்கள் அறையில் இருக்க வேண்டாம்.

கோபத்தில் எழுதவில்லை. நேற்று எழுதியிருந்தால் கோபமாக இருந்திருக்கும்.

அதீபா

*

திருவல்லிக்கேணி
16 மே 2020

அதீபாவுக்கு,

மாலையானால் மொட்டைமாடிக்கு நாடு கடத்தப்படுகிறேன். தண்ணீர்த் தொட்டியும் மூன்று கொடிக்கம்பிகளும் என் ஆளுகையில் இருக்கின்றன. குடிமக்கள் காக்கைகள். வரி கட்டுவதில்லை.

உன் அம்மிக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. இது உள்ளபடி. பாலுக்கும் காஸ் சிலிண்டருக்கும் மட்டும் என்னிடம் கண்ணைத் திறக்கிறாள். டிவியில் உன் இடத்தில் இப்போது ஒரு ஆள் நிற்கிறான். புரோட்டா மாவு பிசைகிற மாதிரி பேசுகிறான் என்று அவனைத் திட்டுகிறாள். என்னிடம் திட்டவில்லை, டிவியிடம்.

நேற்று உன்னோடு பேசி முடித்ததும் அவளே மாடியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. கொடிக்கம்பியைப் பிடித்து நின்று, பிறகு சொன்னாள். உனக்கு நோய் இருந்தது, ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், இப்போது அறைக்குத் திரும்பிவிட்டாய், சாப்பிடுகிறாய். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பட்ட கஷ்டம் எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்சம் என்று விரலில் காட்டினாள். அந்த விரல் இடைவெளியை என் முகத்தைப் பார்த்தபடியே இன்னும் சின்னதாக்கினாள்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை.

நீ இதற்குப் பதில் எழுத வேண்டாம். எனக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் அவளிடம் சொல். எனக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கிறாளோ, அவ்வளவு போதும்.

ஷரீஃப்