தலைவரின் வலது கால்

3 பிப்ரவரி 2026

போதும். பதினோரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தாகிவிட்டது. வெளியே சொல்ல முடியாததை இந்த நோட்டிலாவது எழுதுகிறேன்.

போன பங்குனித் தீமிதியில் எல்லோரும் ஓடிக் கடந்த நெருப்பை, கோயில் தலைவர் சபாபதி கடைக்குப் போகிறவர் மாதிரி நடந்து கடந்தார். முகம் சுளிக்கவில்லை. "ஆத்தா அவரைக் கையில ஏந்திக்கிட்டா" என்று அன்றிலிருந்து பேச்சு. காலில் விழாதவர் இல்லை. இருபது வருடமாகச் சர்க்கரை உள்ள மனிதர். எனக்கு அன்றே சந்தேகம். சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான். 1999இல் கோயில் பள்ளியில் வாத்தியார் வேலை கேட்டு நின்ற என்னை, "பி.எஸ்ஸி. படிச்சவனுக்குச் சாமி பயம் இருக்காது" என்று கூட்டத்தில் சொல்லி அனுப்பியவர் அவர். மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை.

இன்று பபேடான் பேட்டையில் நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கே வந்தார். வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் புண். அவருக்குத் தெரியவே தெரியாது. தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து மனைவி கனகாம்பாள் இழுத்து வந்திருக்கிறார்.

கண்ணை மூடச் சொன்னேன். நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொட வேண்டும். தொடுவது தெரிந்தால் அவர் சொல்ல வேண்டும். பத்தும் தொட்டேன்.

"என்ன கம்பவுண்டர், எப்ப ஆரம்பிக்கப் போறே?" என்றார்.

முடிந்துவிட்டது என்றேன். உள்ளுக்குள் எனக்குப் பட்டாசு வெடித்தது. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் வெடித்தது.

4 பிப்ரவரி

பர்மியர்கள் என்னை சயா என்கிறார்கள்; வாத்தியாருக்கும் வைத்தியருக்கும் சொல்லும் மரியாதை. ஐம்பத்தொன்றாம் வயதில் மருத்துவ உதவியாளர் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கியவன். இங்குள்ள நம் தமிழர்களுக்கு மட்டும் நான் கம்பவுண்டர்.

என் வயதில் பாதி இருக்கும் டாக்டர் ஷிரின் இன்று தனியாகக் கூப்பிட்டார். "சயா, அவரு காலு விஷயம் இந்த ரூமுக்கு வெளிய போகக் கூடாது." என் முகத்தில் அவ்வளவு பச்சையாகவா தெரிந்தது?

10 பிப்ரவரி

புண் இருபது மில்லிமீட்டர் நீளம், பதினைந்து அகலம். டாக்டர் ஓரத்துக் காய்ப்பைச் சீவினார்; நான் கழுவிக் கட்டினேன். புண் அழுந்தாதபடி அவர் செருப்புக்குள் தடித்த கம்பளித் துணியை வெட்டி ஒட்டிக் கொடுத்தேன்.

"மெதுவா, கம்பவுண்டர்."

"வலிக்குதா தலைவரே?"

"இல்ல. பாக்கப் பயமா இருக்கு."

சிரித்துவிட்டேன். அவரும். அப்புறம் கோபம் வந்தது — இவரோடு உட்கார்ந்து சிரிப்பதா?

17 பிப்ரவரி

பதினான்கு, பத்து.

கட்டை அவிழ்க்கும்போது மெல்லக் கேட்டார். "அப்ப போன வருஷம் ஆத்தா என்னை ஏந்தலையா?"

இந்தக் கேள்விக்குத்தான் பதினோரு மாதமாகப் பதில் தயாராக வைத்திருந்தேன். நாலு விதமாக. நாலையும் விட்டுவிட்டுக் கட்டை முழுக்க அவிழ்த்தேன்.

"ஆத்தாவைப் பத்தி எனக்குத் தெரியாது. கால் மரத்துப்போச்சு. அது தெரியும்."

24 பிப்ரவரி

ஒன்பது, ஆறு. வழியில் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அவர் புண் ஆறினால் எனக்கு ஏன் பசிக்கிறது?

3 மார்ச்

ஐந்து, மூன்று. ஆனால் குண்டைப் போட்டார். புண் மூடியதும் இந்த வருடமும் நெருப்பில் இறங்குவாராம்.

"வேண்டுதல். தலைவரே ஒதுங்கினா ஊர் என்ன சொல்லும்?"

"காலே போயிடும்யா!" கத்திவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"போகட்டும். உனக்குச் சந்தோஷந்தானே? அன்னைக்கு முடிஞ்சுதுன்னு சொன்னப்ப உன் மூஞ்சியப் பாத்தேன்."

பொய் சொல்ல வரவில்லை. "ஆமா, சந்தோஷம்தான். அன்னைக்கு. இப்ப இல்ல."

கனகாம்பாள் எழுந்தார். "ரெண்டு பேரும் கத்தி முடிச்சாச்சா? அவரு வேண்டுதலுக்கு நான் இறங்குறேன். எனக்குச் சர்க்கரையும் கிடையாது. தம்பி, என் காலைப் பாரு."

முதல் இடம் தொட்டதும் கூச்சத்தில் கத்தினார். மூன்றாவதில் என் தாடையில் ஒரு உதை. பத்துக்குப் பத்து. சபாபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நடக்கிறேன் என்று அதன்பின் அவர் சொல்லவில்லை.

10 மார்ச்

இரண்டு. நீளமும் அதுதான், அகலமும் அதுதான்.

14 மார்ச்

இப்படி ஒரு நாள் என் வேலையில் வந்ததில்லை.

நேற்று காப்புக் கட்டும்போது சபாபதி எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்: "எனக்குக் கால் மரத்துப்போச்சு. நெருப்பே தெரியாமத்தான் நடந்தேன். பபேடான் கிளினிக்ல காலைக் காட்டாம இந்த வருஷம் யாரும் குழியில இறங்கக் கூடாது." நான் கட்டிக் காத்த ரகசியம், அவரே உடைத்துவிட்டார்.

காலையில் கிளினிக் மாடிப்படி முழுக்க மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை. நாற்பத்திரண்டு பேர். இழை பட்டதும் ஒருவர் நெளிய, அடுத்தவர் சிரிக்க, வரிசையே குலுங்கியது. "திருவிழாவை இங்கயே நடத்திட்டீங்களா சயா?" என்றார் டாக்டர் ஷிரின்.

மூன்று பேருக்கு மரத்திருந்தது. அதில் குழந்தைவேலு, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அழுதுவிட்டார். சபாபதி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அழாதேய்யா. பால்குழிகிட்ட நிக்க எனக்கும் ஆள் வேணும்."

17 மார்ச்

மூடிவிட்டது! டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். கிளினிக்கில் இருந்த அத்தனை பேருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

22 மார்ச்

தீமிதி. கனகாம்பாள் இறங்கினார். இரண்டே எட்டுதான் நடந்தார். "சுடுதே! ஆத்தா, சுடுதே!" கத்திக்கொண்டே ஓடினார். கூட்டம் திகைத்தது, சிரித்தது, குலவையிட்டது. நெருப்பு முடியும் இடத்துப் பால்குழியில் அவர் குதித்த வேகத்தில் பால் முழுக்க சபாபதியின் சட்டையில்.

"ரொம்பச் சுட்டுதா?" என்றார் சபாபதி.

"சுடாம? நெருப்புய்யா அது!"

உள்ளங்கால்களைப் பார்த்தேன். சிவந்திருந்தன, கொப்புளம் இல்லை. சபாபதி முகத்தில் வழிந்தது பாலா கண்ணீரா, தெரியவில்லை. எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

25 மார்ச்

அடுத்த மாதம் வேறு ஊர்க் கோயில்களில் தீமிதி. நம்மவர்களின் முகநூல் குழுவுக்காக ஒரு பக்கம் எழுதினேன். சர்க்கரை உள்ளவர்கள் காப்புக் கட்டும் முன் கால் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுங்கள். சுடவில்லை என்றால் பெருமைப்படாதீர்கள், மருத்துவரிடம் ஓடுங்கள்.

சபாபதி படித்தார். "என் கதைய நல்லாப் போடு. கீழ உன் பேரையும் போடு, கம்பவுண்டர்."

ஆசைதான். ஐந்து முறை போட்டேன், ஐந்து முறை அழித்தேன். என் பெயரைப் பார்த்தால் 'பழைய பகை பேசுது' என்று தள்ளிவிட்டுப் போவார்கள். மரத்த காலோடு எவனாவது இறங்கிவிடுவான். அவரை மன்னித்துவிட்டேனா? இல்லை. அது என் வீட்டு விவகாரம், அதை எதற்கு அந்தக் காலின் மேல் ஏற்றுவது?

பெயர் காட்டாமல் போட வழி இருக்கிறதாம். டாக்டர் ஷிரின் காட்டிக் கொடுத்தார். நாளைக் காலை, கிளினிக் திறக்கும் முன், அப்படியே போட்டுவிடுவேன்.