காலியாக வரும் டிபன் டப்பா

ஆடி, செவ்வாய். இரவு.

என் மகள் தேவியின் டிபன் டப்பா தினமும் துடைத்ததுபோல் காலியாக வருகிறது. அதுதான் எனக்கு உறுத்தல். பிறந்ததிலிருந்தே அவளுக்கு மூளை வளர்ச்சி குறைவு. இருபத்திரண்டு வயதாகியும் வீட்டில் நான் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் அத்தனை பிள்ளைகளுக்கு நடுவே இவளுக்கு யார் உட்கார்ந்து ஊட்டப்போகிறார்கள்? கொட்டிவிடுகிறார்கள், இல்லையென்றால் வேறு யாரோ தின்கிறார்கள் என்றே நினைத்தேன்.

இன்று சொல்லாமல் போனேன். காவடிக் கூட்டத்தில் பஸ் நகராததால் பாதி வழியில் இறங்கி நடந்தேன். சரியாகச் சாப்பாட்டு நேரம். ஜன்னல் வழியே பார்த்தால், தேவி தானே தயிர்சாதத்தை அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை. நான் வருவது தெரிந்து நடிக்க வைத்தார்களோ என்றுகூடத் தோன்றியது. டீச்சரைப் பிடித்துக் கேட்டேன்.

"ஆங், வந்த புதுசுலயே கத்துகினா, அக்கா. வீட்லயும் இப்படித்தான் சாப்புடுறான்னு நெனச்சிகினு இருந்தோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேம்மா."

"நீங்க கேக்கவே இல்லியேக்கா."

அந்தப் பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் தேவியிடம் பேசவில்லை.

ராத்திரி தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, வேலை இருப்பதுபோல் அடுப்பங்கரையில் நின்றேன். தொடவே இல்லை. நான் வந்து உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

யாரை ஏமாற்றுகிறாள் இவள்?

ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தையே பார்த்தாள், கோபம் போய்விட்டதா என்று கேட்பதுபோல.