மூக்கம்மாளை எழுதியவர்கள்

திருப்பூர்,
14.7.1991

மதிப்பிற்குரிய எழுத்தாளர் ஹேமலோசனி அம்மா அவர்களுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும் நாளில் உங்களுக்குத் தலைவலி இருக்கக்கூடாது. 'இளந்தூது' பேட்டியில் அடிக்கடி வரும் என்று சொல்லியிருந்தீர்கள்.

நான் இங்கே அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து எட்டு வருடம் ஆகிறது. அப்பா தவசி, சலவைப் பட்டறையில் வேலை. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங், தைத்ததில் குறை தேடும் வேலை. அக்கா மூக்கம்மாள் அதே கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறாள். அவள் ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் வாராவாரம் எனக்கு 'இளந்தூது' வாங்கி வருவது அவள்தான். நான் படித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

உங்கள் 'கோடை விடுமுறையில் நால்வர்' தொடரை இருவரும் ஒரு வாரம்கூட விடவில்லை. ஒரு சந்தேகம். ஐந்தாம் வாரம் எஸ்டேட் பங்களாவில் காப்பி கொண்டுவந்த பொன்னி அதன்பின் வரவேயில்லை. அவளுக்கும் பதினாறு வயது என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அந்த நால்வரும் மலையேறிய அன்று அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?

தீபாவளி மலரில் வந்த உங்கள் கவிதையும் மனப்பாடம். 'நீ இல்லாத பகலில் மரங்களுக்கும் நிழல் விழவில்லை.' உச்சி வெயிலில் எப்போதுமே நிழல் விழாதே அம்மா. தினமும் பன்னிரண்டு மணிக்கு அந்த 'நீ' எங்கே போகிறார்? இப்படிக் கேட்டதற்குத் தமிழய்யா திட்டினார். அக்காவோ அந்த வரியை நான்கு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

தவறாக எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

உங்கள் வாசகி,
த. வெள்ளையம்மாள்
(பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நான் நல்ல கறுப்பு.)

---

மயிலாப்பூர், சென்னை-4
3.8.1991

என் பிரியமுள்ள வெள்ளையம்மாள்,

வாரத்திற்கு நூறு கடிதம் வருகிறது. எல்லோரும் 'அருமை' என்கிறார்கள். பொன்னி எங்கே போனாள் என்று கேட்டவள் நீ ஒருத்திதான். எனக்கே அவள் மறந்துபோயிருந்தாள். வெட்கமாக இருந்தது.

இனி நான் உனக்கு அம்மா இல்லை, அக்கா. உங்கள் கம்பெனியைப் பற்றி எழுது. அங்கே உன் வயதுப் பெண்கள் என்ன பேசுகிறார்கள், எதற்கு அழுகிறார்கள்? நான் பார்த்திராத ஊர் அது.

அன்புடன்,
லோசனி அக்கா

---

சென்னை-4
28.9.1991

அன்பு வெள்ளை,

உன் மூன்று கடிதங்களும் வந்தன. கைமடிப் பிள்ளைகள் ஓரம் மடித்துக் கொடுப்பது, சாயத்தால் ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் பச்சையாகவும் ஓடும் நொய்யல் ஆறு, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த மாதிரி எழுதியிருக்கிறாய்.

ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன். படித்து முடித்ததும் எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. நீ எதையோ வீட்டுக்குள் பூட்டிவைத்துவிட்டு வாசலை மட்டும் காட்டுகிறாய். இருபது வயதில் ஓர் அக்கா இருக்கிறாள் என்கிறாய். அவளுக்கு ஒன்றுமே நடப்பதில்லையா?

எனக்கு வேலை அதிகம். சொல்ல ஏதாவது இருக்கும்போது எழுது.

லோசனி

---

திருப்பூர்,
6.10.1991

அன்புள்ள லோசனி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு நாள் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். எடுத்து எடுத்துப் படித்தேன். உங்களுக்கு என் மேல் சலிப்பு வந்துவிட்டது என்று தெரிந்தது.

ஒன்று இருக்கிறது. அக்கா என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் கியாசுதீன் என்று ஒருவர். துணி வெட்டிக் கட்டாகக் கட்டி தையலுக்கு அனுப்புவார். அக்காவுக்குப் போகும் கட்டில் முதல் பீஸின் உள்பக்கம் சாக்பீஸால் ஒரு வரி எழுதியிருப்பார். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தைத்துவிடுவாள். சலவையில் எழுத்து போய்விடும். யாருக்கும் தெரியாது. என்ன எழுதுகிறார் தெரியுமா? உங்கள் கவிதை. நான்தான் அக்காவுக்கு எழுதிக் கொடுத்தேன், அவள் அவருக்குக் கொடுத்தாள். நிழல் விழாத அந்த வரி எத்தனையோ பனியனுக்குள் கப்பலேறி ஜெர்மனிக்குப் போயிருக்கிறது.

அவர் வேறு மதம். அப்பாவுக்குத் தெரிந்தால் வெட்டிவிடுவார். தை மாதம் இருவரும் பாலக்காட்டில் உள்ள அவர் மாமா வீட்டுக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொள்வதாக முடிவு. அவர் அம்மா சபுரா பீவிக்குச் சம்மதம்.

இப்போது வலிக்கிறதா அக்கா?

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

உங்கள்,
வெள்ளை

---

சென்னை-4
15.10.1991

என் கண்ணே வெள்ளை,

படித்துவிட்டு அழுதேன். இதைத்தான் கேட்டேன். இன்னும் எழுது. அவர் எப்படி இருப்பார்? உன் அக்கா பயப்படும்போது என்ன செய்வாள்? ஒன்றையும் விடாதே.

ஆயிரம் முத்தங்களுடன்,
லோசனி அக்கா

---

திருப்பூர்,
9.2.1992

லோசனி அக்காவுக்கு,

உங்கள் புதுத் தொடர் 'சாக்பீஸில் ஒரு கவிதை' ஐந்து வாரம் வந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூக்கம்மாளை முத்தம்மாள் ஆக்கியிருக்கிறீர்கள். கியாசுதீனை நிஜாமுதீன் ஆக்கியிருக்கிறீர்கள். பயம் வந்தால் அக்கா காதுத் தோட்டைத் திருகுவதைக்கூட விடவில்லை.

மூன்றாம் வாரத்தில் சாக்பீஸ் விஷயம் வந்தது. அந்தத் திங்கட்கிழமை சாப்பாட்டு நேரம் முடிந்ததும் சூப்பர்வைசர் சுப்பண்ணன் இதழைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவின் மெஷினுக்கு வந்தார். கட்டைப் பிரித்து முதல் பீஸைத் திருப்பினார். வரி இருந்தது. எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னார்.

"ஏனுங் அம்மிணி, எழுத்துக் கூட்டத் தெரியுமில்லீங்க? எந்திரிச்சு நின்னு சத்தமாப் படிங்க. நாலு பேரு கேக்கட்டும்" என்றார்.

நாற்பது பேர் முன்னால் அக்கா ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்தெழுத்தாகப் படித்தாள். தடுமாறினால், "மறுக்கா மொதல்ல இருந்து படிங்க சாமி" என்றாராம். அப்படி மூன்று தடவை. அம்மா இருபதடி தள்ளிச் செக்கிங் மேஜையில் நின்றிருந்தாள். கடைசித் தடவை சில பெண்கள் கூடவே சேர்ந்து படித்தார்களாம். கேலியாகத்தான்.

கியாசுதீனைக் கட்டிங் மேஜையிலிருந்து இழுத்துப்போய் அடித்தார்கள். கத்தரி பிடிக்கும் கையில் மூன்று விரல் போய்விட்டது. இரண்டாம் நாள் அவரும் அவர் அம்மாவும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கே என்று தெரியவில்லை.

அக்கா இப்போது வேலைக்குப் போவதில்லை. அப்பா விடுவதில்லை. அவரே இதழ் வாங்கி வருகிறார். என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறார். அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். படித்து முடித்ததும், "இது நெசமா?" என்று அவளைக் கேட்கிறார். அவள் ஆமாம் என்றாலும் அடி, இல்லை என்றாலும் அடி.

யார் சொன்னது என்று அக்கா என்னைக் கேட்கவில்லை. நேற்றுகூட எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

தொடரை நிறுத்திவிடுங்கள். முடியாவிட்டால் வேறு ஊராக, வேறு வேலையாக மாற்றிவிடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

வெள்ளையம்மாள்

---

சென்னை-4
20.2.1992

அன்பு வெள்ளை,

உன் கடிதம் என்னை மிகவும் சங்கடப்படுத்திவிட்டது. உன் குடும்பத்துக்கு ஏற்பட்ட கஷ்டத்துக்கு வருந்துகிறேன். ஆனால் இதை நீ புரிந்துகொள்ள வேண்டும். முத்தம்மாள் உன் அக்கா இல்லை. அவள் என் மனதில் பிறந்தவள். பன்னிரண்டு வாரமும் ஆசிரியர் கைக்குப் போய்விட்டது. ஓவியமும் தயார்.

எழுத்து வாசனையே இல்லாத உன் அப்பாவையும் வாராவாரம் இதழ் வாங்க வைத்திருக்கிறது இந்தக் கதை. எழுத்தாளருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? போகப் போக அவர் மனமும் இளகும், பார்.

முடிவு மிக உருக்கமாக வந்திருக்கிறது. முத்தம்மாள் அவமானம் தாங்காமல் உயிரை விடுகிறாள். உன் கருத்தை ஒளிக்காமல் எழுது.

லோசனி அக்கா

---

திருப்பூர்,
17.5.1992

திருமதி ஹேமலோசனி அவர்களுக்கு,

கருத்து கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

கடைசி வாரத்தையும் நான்தான் படித்தேன். முத்தம்மாள் செத்த இடத்தில் முடித்து இதழை மூடினேன். அப்புறம் அம்மா அக்காவைப் பார்த்துச் சொன்னாள்: "கதையில வாரவளுக்கு இருந்த ரோஷம் உனக்கு இல்லையே புள்ள."

கம்பெனிப் பெண்களும் அதையேதான் சொல்கிறார்களாம். செத்தவளுக்காக எல்லோரும் அழுதார்கள். இருப்பவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

உங்கள் முடிவு பொய். முத்தம்மாள் சாப்பிடாமல் மூலையில் கிடக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பெனியில் படிக்க வைத்த அன்றைக்கு அக்கா ரசம் ஊற்றி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். அவளுக்குச் சாக வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அவளுக்குப் பாலக்காடு போக வேண்டும் என்றுதான் இருந்தது.

போன வாரம் அவளைச் சாத்தூரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை சீனிச்சாமி, தீப்பெட்டி ஆபீஸில் வேலை. நாற்பத்தொரு வயது. முதல் மனைவி இறந்துவிட்டார். ஆறு வயதில் ஒரு பெண் இருக்கிறது. தாலி கட்டி முடித்ததும் அக்கா என்னிடம் முதல்முறையாகக் கேட்டாள்: "அந்த அம்மா உனக்கு என்ன குடுத்துச்சு?"

நீங்கள் எனக்குக் கடிதம் மட்டும்தான் கொடுத்தீர்கள். அதற்காகத்தான் செய்தேன்.

இனி எழுத மாட்டேன்.

த. வெள்ளையம்மாள்

---

சென்னை-4
11.6.1993

என் செல்ல வெள்ளை,

ஒரு வருடமாக உன் கையெழுத்தைப் பார்க்காமல் ஏதோ குறைகிறது. கோபம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

'சாக்பீஸில் ஒரு கவிதை' புத்தகமாகிவிட்டது. இளையோருக்கான நாவல் பரிசும் கிடைத்திருக்கிறது. முதல் பக்கத்தைப் பார்: 'திருப்பூர் வெள்ளையம்மாளுக்கு.' அச்சில் உன் பெயர்.

பிளஸ் டூவில் தமிழில் பள்ளியிலேயே முதலாவதாக வந்திருக்கிறாய் என்று உன் தலைமையாசிரியர் எழுதினார். நான்தான் விசாரித்தேன். மதுரையில் பெண்கள் கல்லூரி ஒன்றின் முதல்வர் என் சிநேகிதி. பி.ஏ. தமிழ், விடுதி, எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு. ஒரு வார்த்தை எழுது, போதும். இல்லாவிட்டால் உன்னையும் அந்த மெஷினில் உட்கார வைத்துவிடுவார்கள்.

லோசனி அக்கா

---

திருப்பூர்,
15.6.1993

அன்புள்ள லோசனி அக்காவுக்கு,

புத்தகம் வந்தது. திங்கட்கிழமை முதல் என்னைச் செக்கிங்குக்கு அனுப்புவதாக அப்பா முடிவு செய்திருக்கிறார். கல்லூரி முதல்வரை அவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள், அதில் உங்கள் பெயர் வேண்டாம். செலவில்லை என்று தெரிந்தால் கேட்பார்.

அக்காவிடமிருந்து கடிதம் வருவதில்லை. அவளுக்கு எழுதத் தெரியும். எழுதுவதில்லை.

நான் மதுரைக்கு வருகிறேன்.

உங்கள்,
வெள்ளை

---

சென்னை-4
8.1.1995

அன்பு வெள்ளை,

முதல்வர் உன்னைப் புகழாத நாளில்லை. எனக்குப் பெருமை.

வாசகர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். முத்தம்மாள் சாகவில்லை, காப்பாற்றப்பட்டாள் என்று வைத்து இரண்டாம் பாகம் எழுதப் போகிறேன். நீ சொன்னதுதான் சரி, முடிவு பொய். உன் அக்கா இப்போது எப்படி இருக்கிறாள்? அந்தக் கணவன், அந்தச் சிறுமி? சாத்தூர் உனக்குப் பக்கம்தானே. பொங்கல் விடுமுறையில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுது. பழைய மாதிரி, ஒன்றையும் விடாமல்.

எதிர்பார்ப்புடன்,
லோசனி அக்கா

---

மதுரை,
2.2.1995

அன்புள்ள லோசனி அக்காவுக்கு,

பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை சாத்தூர் போனேன். அக்கா இளைத்திருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, பசைக் கையைக் கழுவிவிட்டு வந்து சோறு போட்டாள். மாமாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குடிப்பதில்லை, பேசுவதில்லை. ஊரிலிருந்து யாராவது அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனால் மட்டும் அடிப்பாராம்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது. பள்ளி நாள், ஆனால் குழந்தை வீட்டில் இருந்தது. காய்ச்சலா என்று கேட்டேன். அக்கா இல்லை என்றாள். மூன்றாவதோடு நிறுத்திவிட்டாளாம். மாமா நிறுத்தவில்லை, அக்காதான் நிறுத்தியிருக்கிறாள். பிள்ளை இரண்டு மாதம் அழுததாம். பையை அடுப்பில் போட்டிருக்கிறாள்.

"நல்லாப் படிக்கிற பிள்ளைன்னு வாத்தியாரு வீட்டுக்கே வந்து கேட்டாரு. அதான் நிறுத்துனேன்" என்றாள் அக்கா. "நல்லாப் படிச்சா எழுத வரும். எழுத வந்தா வீட்டுல இருக்கவ கதையத்தான் மொதல்ல எழுதும்."

குழந்தை என் கையிலிருந்த பேருந்துச் சீட்டை வாங்கி, அதில் அச்சடித்திருந்ததை உதடு அசையாமல் படித்துக்கொண்டிருந்தது. அக்கா பார்த்துவிட்டாள். சீட்டைப் பிடுங்கிக் கையில் ஓர் அடி வைத்தாள். ஒட்ட வேண்டிய கூடுகளுக்கு நடுவே அதை மறுபடி உட்கார வைத்தாள். நான் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் கீழுதடு எப்படித் துடித்தது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்டது இதுதானே? ஆனால் இதை உங்களுக்குக் கொடுக்கப் போவதில்லை. நானே சிறுகதையாக எழுதி 'இளந்தூது'க்கு அனுப்பினேன். மார்ச் முதல் வார இதழில் வருகிறது. உங்கள் இரண்டாம் பாகத்தையும் நானே எழுதலாமே என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். சம்மதம் தெரிவித்துவிட்டேன். பெயர்களை மாற்றவில்லை. மாற்றினாலும் யாருக்கும் தெரியாமல் போவதில்லை என்பது நமக்குத் தெரியும்.

விடுதிக் கட்டணத்தை இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செய்ததற்கெல்லாம் நன்றி.

அக்கா பேருந்து நிலையம் வரை கூட வந்தாள். ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தாள். கீழே நின்றபடி, "இன்னைக்குப் பார்த்ததயும் எழுதிப்புடாத, என்ன? அந்தப் பிள்ளைக்கு நான்தான் அம்மா" என்றாள். தலையாட்டினேன். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, பேருந்து கிளம்புவதற்குள் முதல் பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
வெள்ளையம்மாள்