ஆறேகால் முதல் ஏழு வரை

ஆகஸ்ட் 6, காலை 10.20

கணக்கு டீச்சருக்கு,

உன் தங்கை வீட்டில் இணைய வேகம் நாற்பது எம்.பி.தானாம். அவள் கணவரே ஒப்புக்கொண்டார். நம் வீட்டில் நேற்று மூன்று முறை அளந்தேன்: தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. அப்படியிருக்க, "இந்த வீட்டு நெட்டை நம்பிப் பாடம் நடத்த முடியாதுங்க" என்று ஜூலை 12 அன்று நீ பெட்டியோடு அங்கே போனது எந்த நியாயத்தில் சேர்த்தி?

இணைய நிறுவனத்துக்கு ஐந்து புகார்கள் அனுப்பினேன். நேற்று வந்த லைன்மேன் கம்பம் முதல் கூடம் வரை கேபிளைச் சோதித்துவிட்டு, என்னையே விசாரித்தார்.

"ஐயா, எங்க ஆபீஸ் பதிவுல தினமும் சாயங்காலம் ஆறேகாலுக்கு லைன் போய், ஏழு மணிக்குத் திரும்ப வருது. கரண்ட் கட்டா?"

"இல்லப்பா. ரூட்டர் சூடாகுதேன்னு, வாக்கிங் போறப்போ அணைச்சு ஓய்வு குடுப்பேன்."

"ஓய்வு குடுக்க அது என்னங்க, வண்டி மாடா?"

சிரிப்பு வேறு! ஓய்வு தேவையில்லை என்று ரூட்டரின் மேல் ஒரு வரி அச்சிட்டால் குறைந்தா போய்விடுவார்கள்? அதை அலமாரி உச்சியில், உன் கண்ணில் படாத இடத்தில் வைத்ததும் அவர்கள்தானே!

உன் ஆன்லைன் வகுப்பு ஆறு முதல் ஏழரை வரை. நான் திரும்பி வந்து பார்க்கும்போதெல்லாம் எல்லாம் நன்றாகவே ஓடியது. அதனால்தான் ஜூலை 11 அன்று, மீண்டும் திரையில் வந்து சேர்ந்த பிள்ளைகள் காதுபட, "உனக்குத்தான் இதை இயக்கத் தெரியல" என்றேன்.

அந்த வாக்கியத்தை வாபஸ் பெறுகிறேன். அந்தப் பிள்ளைகள் முன்னிலையிலும் பெறுவேன்.

சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். நேற்று மாலை அப்படியே விட்டுவிட்டு வாக்கிங் போனேன். மனம் கேளாமல் பாதி வழியில் திரும்பி வந்து தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. அணைக்கவில்லை.

ஐந்து புகார்களையும் திரும்பப் பெற்றுக்கொண்ட,
உன் வீட்டுக்காரர்