பப்ளர் என்று கேட்டுவிட்டேன்

அன்புள்ள அப்பா,

இதை யாரிடமும் காட்டாதீர்கள், அம்மாவிடம்கூட. அத்தை தூங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

நான் இந்த மிச்சிகன் மாநிலத்துப் பெண் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் கட்டணம் பாதியாகும். அதற்காகத்தானே நீதிமன்றத்தில் என்னை அத்தையின் பொறுப்பில் எழுதிக் கொடுத்தீர்கள்.

இன்று பல்கலைக்கழக அலுவலகத்தில் விசாரிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பயத்தில் தொண்டை வறண்டு, "பப்ளர் எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். குடிநீர்க் குழாயை ஏரிக்கு அக்கரையில் நம் மில்வாக்கியில்தானே அப்படிச் சொல்வோம்! அதிகாரி அம்மாள் சிரித்துவிட்டார். "அட, நீ மில்வாக்கிப் பொண்ணா? இங்க யாரும் அப்படிச் சொல்றதில்லையே!" நாளை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

சின்ன வயதில் பூங்கா பப்ளரில் குடிக்க என்னைத் தூக்கிப் பிடிப்பீர்களே. என் சட்டையெல்லாம் நனைய, "போதும்டி, ஏரியில கொஞ்சம் மிச்சம் வை!" என்பீர்கள். அங்கே சூரியன் ஏரியிலிருந்து எழும். இக்கரையில் அதே ஏரியில் இறங்குகிறது. உங்கள் பக்கம்தான் போகிறது என்று தினமும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாளை, "என் வீடு இதுதான்" என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்துவிடுவேன். நீங்கள் மட்டும் அதை நம்பாதீர்கள்.

அத்தை கதவைத் தட்டுகிறார்.

உங்கள்