பிலாயிலிருந்து வந்த புகைக்குழாய் பிளான்

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
18-9-1961

அன்புள்ள மகன் பிலோமின்ராஜுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம், கோழிகள் சுகம், பக்கத்து வீட்டு ரோசம்மாளின் கூரை மட்டும் சுகமில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் தங்கை அக்னஸுக்கு வையம்பட்டி ஸ்கூலிலேயே வேலை நிரந்தரமாகிவிட்டது, அவளுக்கு இரண்டு வரி எழுதிப் போடு.

விறகடுப்புப் புகையில் எனக்குக் கண் எரிகிறது, இருமல் விடவில்லை என்று எழுதியதற்கு நீ புகைக்குழாய் பிளான் போட்டு அனுப்பினாய். பிள்ளைக்கு அம்மாமேல் எவ்வளவு கரிசனம் என்று அப்பா அதைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தார். ரயில்வே ஸ்டோரில் இருபத்தெட்டு வருஷம் ஆணி எண்ணியவர், ஏதோ தானே இன்ஜினைக் கழற்றி மாட்டியவர் மாதிரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடுப்பிலிருந்து குழாய் ஆறடி படுத்துக்கொண்டே போய், கிழக்குச் சுவரைத் துளைத்து வெளியே வருகிறது. வெளியே ஒரு முருங்கை மரம் வேறு அழகாக வரைந்திருந்தாய். அந்த முருங்கை விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது, சாமி. அந்த இடத்தில் ரோசம்மாள் கீற்றுக் கொட்டகை போட்டுச் சமையல் செய்கிறாள். இதை அப்போதே உனக்கு எழுதினேன், கடிதம் கிடைத்தது சந்தோஷம் என்று பதிலும் போட்டாய். எதைப் படித்துச் சந்தோஷப்பட்டாயோ! உன் பிளானில் அளவெல்லாம் சரி, வீடுதான் தப்பு.

புகைக்குப் படுத்துக்கொண்டு போகத் தெரியாது, மேலே போகத்தான் தெரியும், அந்தப் பக்கம் கீற்று இருக்கிறது என்று அப்பாவிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். இரும்பாலையில இருக்கிறவன் போட்ட பிளான், உனக்கு என்னடி தெரியும், பேசாம இரு என்றார். பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்த எனக்கு ஒன்றும் தெரியாதாம். சரி என்று பேசாமல் இருந்தேன், அது என் தப்பு. நீ குழாயின் அகலம் 15 என்று எழுதினாயே, 15 என்ன என்று எழுதினாயா? உங்கள் ஊரில் எல்லாம் சென்டிமீட்டர், அப்பாவின் டேப்பில் எல்லாம் அங்குலம். அரியமங்கலம் பட்டறையிலிருந்து பதினைந்து அங்குலக் குழாய் மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. ஆட்டுக்குட்டி உள்ளே நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போகலாம். ஸ்ரீரங்கத்து மடப்பள்ளிக்குக்கூட இது அதிகம். இது பெரிசு என்று கொத்தனார் இன்னாசிராஜ் சொல்லிப் பார்த்தார், பிளானில் போட்டிருக்கு என்று அப்பா அவர் வாயையும் அடைத்துவிட்டார்.

போன திங்கட்கிழமை காலையில் அப்பா சிலுவை போட்டுவிட்டுக் காய்ந்த பாளையைச் செருகி அடுப்பைப் பற்றவைத்தார். பாதிப் புகை வீட்டுக்குள் திரும்பியது, மீதிப் பாதி பொறியோடு வெளியே போய்க் கீற்றில் விழுந்தது. ரோசம்மாள் கழுநீர்ப் பானையைத் தூக்கி ஊற்றி அணைத்தாள். அணைத்துவிட்டு, ஏன் டீச்சர், எங்களுக்கும் சேத்தா அடுப்பு போட்டீங்க என்று கேட்டாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவளுடைய கைக்குழந்தை அந்தக் கொட்டகைக்குள்ளேதான் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. மாதா புண்ணியத்தில் அதன்மேல் ஒரு பொறிகூட விழவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மறுநாளே நானும் இன்னாசிராஜும் வேலையைக் கையில் எடுத்தோம். அடுப்புக்கு நேர் மேலே கூரை ஓடுகளைப் பிரித்தோம். குழாய் ஆறு அங்குலம், ஒரு வளைவுகூடக் கிடையாது. சட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டுத் தகரம் அடித்தோம். கூரை முகட்டைத் தாண்டி மூன்றடி, மழைக்கு மேலே ஒரு தொப்பி, கரி தட்டக் கீழே ஒரு மூடி. புகை கோவிலுக்குப் போகிற பெண்பிள்ளை மாதிரி அக்கம்பக்கம் பார்க்காமல் நேராகப் போகிறது. என் இருமலும் குறைந்திருக்கிறது. உன் பதினைந்து அங்குலத்தில் கோழிகள் அடைகின்றன, அந்த மட்டும் பிளான் வீண் போகவில்லை. அப்பா நாலு நாளாகப் பிளானை மடித்து மடித்துப் பார்க்கிறார்.

ரோசம்மாள் கூரையில் முறம் அளவு ஓட்டை. கீற்று வாங்கி ஆள் வைத்துக் கட்டித் தருகிறேன் என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள். பிளான் போட்ட தம்பியே வந்து கட்டட்டும் டீச்சர், மூணு வருஷமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலயே, இந்தச் சாக்குலயாவது வரட்டும் என்கிறாள். நான் கேட்க வெட்கப்பட்டதை அவள் கேட்டுவிட்டாள். ஐப்பசி மழை பிடித்தால் அந்தக் குழந்தை நனையும். பிளானைத் தபாலில் அனுப்பலாம், கீற்றை அனுப்ப முடியாது. ஆகவே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர். டேப் கொண்டுவர வேண்டாம், ஏணி இங்கே இருக்கிறது. ஆரோக்கிய மாதா உனக்கு வழித்துணையாக வரட்டும். கூரையில் ஏறும்போது மட்டும் பார்த்துக் கால் வை.

இப்படிக்கு,
முருங்கை மரம் இல்லாத வீட்டிலிருந்து,
உன் அம்மா
அ. பாக்கியமேரி